பிறந்த வீட்டுச் சாமிக்கு ஒரு குதிரை

மகளுக்கு டெங்கு வந்து பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போன அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஒரு மண்குதிரை வேண்டிக்கொண்டேன். அறந்தாங்கியில் இருக்கும் என் புகுந்த வீட்டுக் குலதெய்வத்துக்கு அல்ல. திருமயம் பக்கம், நான் பிறந்த ஊர் அய்யனாருக்கு. யோசித்துச் செய்ததல்ல. கண்ணை மூடியதும் வந்தது அந்த இடம்தான். மரத்தடியில் வரிசையாகக் குதிரைகள், காது உடைந்தவை, பாசி படிந்தவை. சின்ன வயதில் மழை பிடித்துக்கொண்டால் பெரிய குதிரையின் வயிற்றுக்கடியில் ஒண்டிக்கொள்வேன். அப்பா குடையோடு வரும்வரை, நனைந்த மண்ணின் வாசனையில், பயமே இல்லாமல் உட்கார்ந்திருப்பேன்.

மகள் பிழைத்து வீடு வந்தாள். துபாயில் இருக்கும் கணவர் போனில் கேட்டுச் சிரித்தார். "இத்தன வருசம் எங்க சாமிக்குப் பொங்க வச்சுட்டு, அவசரத்துக்கு ஒங்க வீட்டுச் சாமியா? எங்காளு கோவிச்சுக்கப் போறாரு!"

மகள் சிரிக்கவில்லை. குதிரையை அவள் கையால் வைப்பதாக நான் வேண்டியிருந்ததுதான் காரணம்.

"ஊசி போட்டது டாக்டரும்மா. சாமி இருக்குன்னு நிரூபி, நானே தூக்கிட்டு வாரேன்."

இன்னமும் அவள் இருமினாலே நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவள் நான். வேண்டுதலைப் பாதியில் விட எப்படி மனம் வரும்?

"நிரூபிக்கத் தெரியாதுடி. டாக்டருக்கு நன்றி சொல்லியாச்சு. ரத்தம் குடுத்த தம்பிக்கும் சொல்லியாச்சு. அப்பறமும் நெஞ்சுல நெறைய மிச்சம் இருக்கு. அத எங்க கொண்டுபோயி வைக்கிறது?"

"ஆளில்லாத வீட்டுக் கதவத் தட்டுறே."

"இல்லேன்னு உள்ள போயிப் பாத்துட்டு வந்தியா?"

"நீ பாத்தியா?"

"பாக்கல. ஆனா மனசால அந்த வாசல்ல நின்னுக்கிட்டுதான் அன்னைக்கு விழாம இருந்தேன்."

"அப்ப நீ கும்புடும்மா. ஒனக்கு அது நெசம். நான் வந்து கும்புட்டா நடிப்பு. ஒங்க அய்யனாருக்கு நடிப்பு வேணுமா?"

நான் நம்புவதற்கு என்னிடம் காரணம் இருந்தது. அவளை இழுத்துப்போவதற்கு அது போதாது.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பஸ் ஏறினேன். ஊரில் மண்குதிரை செய்பவர் வீட்டில் வாங்கி, நானே சுமந்துபோய் வைத்தேன். சொன்னபடி செய்யவில்லை, அவளை ஒன்றும் செய்துவிடாதே என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அப்படிக் கெஞ்ச வேண்டிய சாமியை நான் ஒருநாளும் கும்பிட்டதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"அவ வரல. நல்லா இருக்கா," என்று மட்டும் சொன்னேன்.