அரை லிட்டர் பெட்ரோலும் கோத்தகிரி ஏற்றமும்

1996 மே மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. நான் மலை பார்க்கப் போகவில்லை. அக்காவின் ஜீப் ஒரு லிட்டருக்கு எவ்வளவு ஓடும், எவ்வளவு சுமையோடு ஏறும் என்று பார்க்கத்தான் போனேன். சின்ன ஜீப் வாங்கி மலைக்குப் போக நினைப்பவர்களுக்கு எங்கள் அனுபவம் உதவலாம்.

அக்கா சரளா கோத்தகிரிக்கு மேலே ஐந்து கிலோமீட்டரில் ஒரு சிறிய மருத்துவமனையில் நர்ஸ். வண்டியும் அவள்தான் ஓட்டுகிறாள். ஒரு லிட்டர் எஞ்சின், பெட்ரோல், நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. மருத்துவமனை மாதத்துக்கு நாற்பது லிட்டர் தருகிறது, அதற்கு மேல் கிடையாது. ஏப்ரலில் இருபத்தோராம் தேதியே டேங்க் வற்றிவிட்டது. இருபத்து நான்காம் தேதி, வலி எடுத்த ஒரு பெண் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் நின்றபடி மலை இறங்கினாள். குழந்தை பாதி வழியில் பிறந்தது. தாயும் குழந்தையும் நலம்தான். ஆனால் அக்கா அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

காலை ஐந்தே முக்காலுக்குத் துடியலூரில் இஸ்மாயில் பாயின் ஒர்க்‌ஷாப். கோட்டைமேட்டுக்காரர், கார்புரேட்டர் வேலையில் கெட்டி.

"சிஸ்டர், மைலேஜ் வேணுமா, புல்லிங் வேணுமா? ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டும் வேணுங்க பாய்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று சிரித்துவிட்டு, பெட்ரோல் போகும் பித்தளை ஜெட்டைக் கழற்றி, அதைவிடச் சிறிய துளையுள்ள ஒன்றைப் போட்டார். பெட்ரோல் செலவு குறையும், இழுவையும் கொஞ்சம் குறையும். மைலேஜ் பார்க்கும் முறை எளிமையானது. காலி குளுக்கோஸ் பாட்டிலில் அரை லிட்டர் பெட்ரோல் ஊற்றி, பானெட்டுக்குள் கட்டி, அதன் குழாயை எஞ்சினுக்குக் கொடுத்துவிட வேண்டும். வண்டி தானாக நிற்கும் இடம்தான் விடை. பழைய ஜெட்டில் ஐந்தரை கிலோமீட்டர் ஓடியிருந்தது. இன்று பெரியநாயக்கன்பாளையத்தை நெருங்கி, ஏழரை கிலோமீட்டரில் நின்றது. அதாவது லிட்டருக்குப் பதினைந்து. அக்கா ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தாள். ஒரு மாதமாக நான் கேட்காத சிரிப்பு.

டேங்கிலிருந்து மறுபடி இணைப்புக் கொடுத்து, பாயையும் கூட்டிக்கொண்டு, காரமடை தாண்டி, ஏழு மணிக்கு மேட்டுப்பாளையம். மூன்று பேருக்கு இட்லி, காபி இருபத்தேழு ரூபாய். சுமை இல்லாமல் ஏறிப் பார்ப்பதில் பொருளில்லை என்றாள் அக்கா. பஸ் ஸ்டாண்டில் கல்யாணத்துக்குப் போகும் நான்கு பேரை, ஒரு பித்தளை அண்டாவோடு ஏற்றிக்கொண்டோம். அவர்களில் பேச்செல்லாம் ராஜாமணி என்ற அம்மாளுடையது.

"ஏனுங்க, பொம்பளப்புள்ளயா வண்டி ஓட்டுது?"

"பயமா இருந்தா எறங்கிக்கோங்கம்மா" என்றாள் அக்கா.

"அட, நான் எதுக்குப் பயப்படறேன். எங்கூட்டுக்காரருதான் கண்ண மூடிக்கிட்டாரு."

முதல் பத்து கிலோமீட்டர் இரண்டாம் கியரில் போனோம். பிறகு முதல் கியர். குஞ்சப்பனைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால், ஒரு வளைவில், எஞ்சின் கடகடவென்று தட்டி நின்றேவிட்டது. மறுபடி எடுத்தால் பின்னால் உருண்டது. பாய் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

எல்லோரும் இறங்கினோம். "எங்கூட்டு எருமை இதவிட வெரசா ஏறுமுங்க" என்றார் ராஜாமணி.

"உன்னைய ஏத்துனா எந்த வண்டிக்குத்தான் மூச்சு வாங்காது" என்றார் கணவர், இப்போது கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு.

அக்கா சிரிக்கவில்லை. "வலியில ஒருத்திய ஏத்திக்கிட்டு இப்படி நின்னா என்னங்க பாய் பண்றது?"

"பெரிய ஜெட்டே போட்டுடறேன் சிஸ்டர். ஆனா பழையபடி இருபதாம் தேதிக்கு டேங்க் காலி."

எஞ்சின் ஆறக் காத்திருந்தபோது அண்டாவின் மேல் கை ஊன்றி ராஜாமணி கேட்டார்: "மாசத்துக்கு எத்தன தடவ கோயமுத்தூருக்கு எறங்கறீங்க அம்மணி?"

"ரெண்டு தடவைங்க. மருந்துப் பொட்டி எடுத்தாரணும்."

"பொட்டி பஸ்ல வராதுங்களா? அது என்ன புள்ளத்தாச்சியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். போகவர நூற்று நாற்பது கிலோமீட்டர், இரண்டு முறை. நாற்பது லிட்டரில் ஏறக்குறைய இருபத்தைந்து அதற்கே போகிறது. நோயாளிகளுக்கு மிச்சம் பதினைந்து. அக்காவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவள் தார்ச்சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருந்துப் பெட்டி ஒரு காரணம்தான். மாதம் இரண்டு இரவு அவள் எங்கள் வீட்டில், என் அறையில் தூங்குவாள். அவள் அங்கே வேலைக்குப் போன இரண்டு வருடத்தில் நான் ஒருமுறைகூட மேலே போனதில்லை. வளைவுகளில் எனக்கு வாந்தி வரும். அந்தச் சாக்கை நானும் அவளும் வசதியாக வைத்துக்கொண்டிருந்தோம்.

"பொட்டிய நான் பஸ்ல கொண்டாறேன்க்கா" என்றேன்.

"உனக்குச் சேராது, கண்ணு."

"சேர்த்துக்கறேன்."

பாய் பெரிய ஜெட்டைப் போட்டார். இருபது நிமிட வேலை. ஏழு பேரும் அண்டாவும் இரண்டாம் கியரிலேயே கோத்தகிரி போய்ச் சேர்ந்தோம், பத்தே காலுக்கு. நான் வாந்தி எடுக்க வழியில் ஒரே ஒரு முறைதான் இறங்க வேண்டியிருந்தது.

உங்களுக்குச் சொல்ல நினைப்பது இதுதான். சமவெளியில் காட்டும் மைலேஜை வைத்து மலைக்கு வண்டி வாங்காதீர்கள். நீங்கள் உண்மையில் ஏற்றப்போகும் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு ஏறிப் பாருங்கள். இழுவையைக் குறைத்துப் பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் முன், எந்தப் பயணம் அந்த வண்டிக்கு உரியது இல்லை என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வி சங்கடமானது.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு: காலை ஆறு மணிக்குக் கோவையில் ஏறினால் ஒன்பதரைக்குக் கோத்தகிரி. மேட்டுப்பாளையத்தில் மாற வேண்டும். இரண்டு டிக்கெட்டும் சேர்ந்து பதினான்கு ரூபாய். முன்பக்க ஜன்னல் ஓரம் உட்காருங்கள், வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், புத்தகம் படிக்காதீர்கள். கடைசியாகச் சொன்னதைக் கடைப்பிடிப்பதுதான் எனக்கு இன்னும் சிரமம்.

மருந்துப் பெட்டியோடு நான்கு முறை போய்விட்டேன். போகிற இரவுகளில் இப்போது அவள் கட்டிலில் நான் தூங்குகிறேன். ஜூலை இருபத்தொன்பதாம் தேதி மதியம் ஒரு பிரசவ கேஸுக்கு அக்கா ஜீப்பை எடுத்தாள். டேங்கில் ஆறு லிட்டர் இருந்தது. தாய், மாமியார், தூக்கிவிட வந்த இரண்டு பேர் என்று நால்வரை ஏற்றிக்கொண்டு, பள்ளத்துக் குடியிருப்பிலிருந்து வண்டி எங்கும் நிற்காமல் மேலே மருத்துவமனைக்கு வந்தாள். பெண் குழந்தை, மூன்று கிலோ.