பேர் கூப்பிடும் வரை

அன்று அட்மிஷன் ஆபீசில் கிளார்க் இருந்தார். மேல்மலையனூரிலிருந்து வந்த ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் இருந்தார்கள். தண்ணீர் பிடித்து வைக்கிற நான் இருந்தேன். அப்புறம் அவள்.

இலங்கை அகதி முகாமிலிருந்து வந்திருந்தாள். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை. மார்க் ஷீட் இருந்த பிளாஸ்டிக் கவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அப்பா எப்டிம்மா இங்க வந்தாரு?" என்று கிளார்க் கேட்டார்.

"படகுல சார்."

"பாஸ்போர்ட்?"

"இல்ல சார். ஆனா நான் பொறந்தது செஞ்சி ஆஸ்பத்திரியில."

"பொறந்தா ஆச்சா? நர்சிங்குக்கு இந்தியக் குடியுரிமை கேக்குறாங்க. சரி, வெளியில இரு. கேட்டுட்டுக் கூப்புடறன்."

வராந்தாவில் போய் நின்றாள். நான் நாற்காலி போட்டேன்.

"உக்காரு பாப்பா. கால் வலிக்கல?"

"வேணாம்க்கா. முகாம்ல கணக்கெடுக்கும்போது பேர் கூப்புடுற வரைக்கும் நிக்கணும். இல்லன்னா ஆள் இல்லைன்னு பேர அடிச்சிடுவாங்க."

"இது காலேஜிடி."

சிரித்தாள். உட்காரவில்லை.

மேல்மலையனூர்ப் பெண் சீட்டு கிடைத்துப் போனாள். சாயங்காலம் கிளார்க் பின்வாசல் வழியாக வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கதவைப் பூட்ட வந்தபோது அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"சார் கெளம்பிட்டாரு பாப்பா."

"என் பேரக் கூப்புட்டாராக்கா? எனக்குத்தான் கேக்கலையா?"

அந்தக் கவரை அவர் பிரிக்கவே இல்லை. நான் வாங்கிப் பிரித்தேன். எனக்கு எண் மட்டும் படிக்கத் தெரியும்.

அறுநூற்றுக்கு ஐந்நூற்று எழுபத்தொன்று.