பன்னிரண்டு போதும்

பழைய வேனில் கட்டில் போட்டு, என் மகன் எங்கள் இருவருக்கும் ஊர் சுற்றிக் காட்டக் கிளம்பினான். என் வீட்டுக்காரரின் இன்சுலின் வெயிலில் கெடக் கூடாதென்று குட்டி ஃப்ரிட்ஜும், கூரைமேல் சோலார் பலகையும், அதற்குப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டும் வைத்தோம்.

ரேணிகுண்டா மெக்கானிக், இரண்டு பேட்டரியையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து இருபத்துநான்கு வோல்ட் ஆக்கலாம் என்றார். பெரிய நம்பர்தான் பலம் என்று மகனும் தலையாட்டினான்.

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் சித்தூர் மாங்காய் மண்டியில் எடை பார்த்துப் பழகிய கண்ணுக்கு எண் தப்பாது. வேனுக்குள் ஏறி, நிதானமாக ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தேன்.

"ஏன் நைனா, ஃப்ரிட்ஜு, ஃபேனு, லைட்டு எல்லாத்துலயும் பன்னெண்டுன்னு போட்டுக்கீது. இருவத்திநாலு குட்த்தா தாங்குமா?" என்று மெக்கானிக்கைக் கேட்டேன்.

"தாங்காதும்மா. கொறைக்கறதுக்கு நடுவுல ஒரு பெட்டி வெக்கணும்," என்றார் மெக்கானிக்.

"அந்தப் பெட்டி வழியில கெட்டுப் பூட்டா, மருந்து இன்னாவறது?"

அவர் சிரித்துவிட்டார். "சின்ன வண்டிதானே, பன்னெண்டே போதும்மா." பேட்டரிகளைப் பக்கம் பக்கமாக இணைத்து, பன்னிரண்டாகவே விட்டார்.

"எங்க வூட்டு இன்ஜினீரு சொன்னா அப்பீல் ஏது?" என்றார் என் வீட்டுக்காரர், என்னைக் காட்டி. மகன் முகம் சுண்டிப்போனது, பாவமாக இருந்தது.

மறுநாள் உச்சி வெயிலில், வெதுருகுப்பம் தாண்டி வேனை நிறுத்தினோம். மருந்துக் குப்பியை எடுத்து முதலில் மகன் கையில்தான் கொடுத்தேன். சில்லென்று இருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தான்.