எட்டாவது ஸ்டேஜில் ஒரு ராணி

போன ஞாயிற்றுக்கிழமை புள்ளலூரில் மச்சான் மகளுக்குக் காதுகுத்து. குழந்தை இரண்டு நிமிடம் அழுதது. நான் இன்னும் அழுதுகொண்டிருக்கிறேன்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி ஏழுமலை. பள்ளிக்கூட நாட்களில் நாங்கள் இருவருமே உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் டிவி கேம் ஆடியவர்கள். கத்தி பிடித்த ஒரு குட்டி வீரன், எட்டு ஸ்டேஜ். ஆறாவதில் ஒரு பெரிய பாம்பு வரும். அதைத் தாண்டி நான் போனதே இல்லை.

ஏழுமலை போயிருக்கிறானாம்! எட்டையும் முடித்தானாம். "கடசீல ராணி வந்து மால போடுவா மாமா" — எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து இதே பல்லவி. சாட்சி? ஒருவரும் கிடையாது. நம்புவதற்கு மட்டும் அவன் அக்கா இருக்கிறாள்.

இப்போது என்னிடம் டேப்லெட் இருக்கிறது. அதில் எமுலேட்டர் — டேப்லெட்டைப் பழைய கேம் மெஷினாக நடிக்க வைக்கும் ஆப். அதே வீரன், அதே பாம்பு. கூடவே ஒரு 'சேவ்' பட்டன்! அடி விழுவதற்கு முன் அமுக்கிவிட்டால், செத்தாலும் அதே இடத்தில் எழுந்து நிற்கலாம். எமனையே வாசலில் உட்கார வைக்கும் வசதி... விடுவேனா? மானாம்பதிக் கழனிப் பக்கமே போகாமல் ஒரு வாரம் ஆடினேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது. எட்டாவது ஸ்டேஜை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு காதுகுத்துக்குப் போய் இறங்கினேன்.

"எல்லார் எதிர்லயும் முடிக்கிறேன்டா. ராணி வந்தா நான் கறிக்கொழம்பு பக்கெட் தூக்குறேன். வரலன்னா, பொய் சொன்னேன்னு ஒத்துக்கினு நீ தூக்கு!"

எங்கள் பக்கம் மாமனார் வீட்டு விசேஷத்தில் மாப்பிள்ளைக்கு முதல் பந்தி, முதல் இலை. அவன் பக்கெட் தூக்குவது மானக்கேடு. மச்சானோ எப்படியும் பரிமாறத்தான் போகிறான். இந்த அறிவு எனக்குப் பந்தயம் கட்டிய பிறகுதான் வந்தது.

மொத்தச் சொந்தமும் சுற்றி நிற்க, முடித்தேன். திரையில் 'தேங்க் யூ' என்று இரண்டே வார்த்தை. அப்புறம் மறுபடி முதல் ஸ்டேஜ். ராணியும் வரவில்லை, ஒரு சாமந்திப்பூகூட வரவில்லை!

"எங்கடா உன் ராணி?" என்று குதித்தேன். அவ்வளவு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

ஏழுமலை அசரவில்லை. "எத்தினி தபா செத்த மாமா?"

"அதுக்கு இன்னா இப்ப? சேவ் பண்ணிக்கினு ஆடுனேன்."

"அதான பாத்தேன்! செத்துச் செத்து வந்தவனுக்கு எவ மால போடுவா? ஒரே உசுரா ஆடுனவனுக்குத்தான் ராணி. உனுக்கு தேங்க் யூ சொன்னதே பெருசு."

பந்தலே சிரித்தது. தீர்ப்புச் சொன்னது என் மனைவி: "அவன் சொல்றதும் நாயமாத்தான கீது?"

ஆதாரம் கையில் இருந்து என்ன பிரயோஜனம்? பக்கெட்டைத் தூக்கினேன். அவமானத்தில் காது சுட்டது. முதல் பந்தியில், என் இலையில், ஏழுமலை!

குழம்பு ஊற்றக் குனிந்தேன். யாருக்கும் கேட்காமல் மெதுவாகக் கேட்டான்: "மாமா, அந்த ஆறாவது ஸ்டேஜ் பாம்ப... நீ எப்டித் தாண்டுன?"

அடப்பாவி!

யாரிடம் போய்ச் சொல்ல — அவன் அக்காவிடமா? வெறும் குழம்பை மட்டும் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தேன்.

கறி, எட்டு ஸ்டேஜும் முடித்தவர்களுக்கு மட்டும்.