கடலில் போட்ட பிலிம் ரோல்கள்

என் ஓரகத்தி மாலதியின் பிலிம் ரோல்களைக் கடலில் போட்டவள் நான்தான். அவை தவறி விழவில்லை. காற்றும் அடித்துக்கொண்டு போகவில்லை. நானே கையில் எடுத்து, கப்பலின் கைப்பிடிக் கம்பிக்கு வெளியே நீட்டி, விரல்களை விரித்தேன்.

இத்தனை வருடங்களாக யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அழுது மூக்கைச் சிந்தி மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்... அந்தக் கப்பலில் இருந்த அளவு சந்தோஷமாக நான் என் ஆயுளில் இருந்ததில்லை. அதையும் சேர்த்துத்தான் ஒப்புக்கொள்கிறேன்!

அப்போது நாங்கள் புணேயில், போபோடியில் குடியிருந்தோம். என் கணவருக்குக் கசார்வாடியில் சின்ன லேத் பட்டறை. அவருடைய தம்பிக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வாகட்டில் லிஃப்ட் வைத்த அடுக்குமாடி வீடு. அந்தத் தம்பியின் மனைவிதான் மாலதி. நாங்கள் இருவருமே கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண்கள். எனக்கு ஒரு மகள் இருந்தாள். மாலதிக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை.

ஆனால் அவளிடம் ஆல்பங்கள் இருந்தன. மகாபலேஷ்வர் ஆல்பம், ஊட்டி ஆல்பம், சிங்கப்பூர் ஆல்பம்... வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர், அடுத்தது ஆல்பம். அவள் சோபாவில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் திருப்புவாள். நான் சமையலறைக்கும் ஹாலுக்கும் காப்பித் தட்டோடு நடந்துகொண்டிருப்பேன். மூத்தவள் என்ற பட்டம் எனக்கு, சபை அவளுக்கு!

அவள் எடுத்த படங்களில் நான் எப்படி இருப்பேன் தெரியுமா? கண் மூடியிருக்கும். இல்லாவிட்டால் பாதித் தலை வெட்டுப்பட்டிருக்கும். "அக்கா இதுலயும் கண்ண மூடிட்டாங்க" என்று அவள் சொல்ல, வந்தவர்கள் சிரிப்பார்கள். அவள் வேண்டுமென்றே சொன்னாளா? இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது.

மும்பைக்கு விரைவுச்சாலை வந்த புதிது. மும்பையில் ஏறி, கோவாவைத் தொட்டு, லட்சத்தீவு வரை போய்த் திரும்பும் உல்லாசக் கப்பல் ஒன்றில் கொழுந்தனார் எங்கள் நால்வருக்கும் இடம் போட்டார். மகளைக் கோடை விடுமுறைக்கு அம்மா வீட்டில் விட்டேன். பக்கத்து வீட்டுக் காகுவிடம் கெஞ்சி அவருடைய பழைய கேமராவை வாங்கி, கைப்பையின் அடியில் புடவைக்குள் சுற்றி வைத்தேன். அவர் மராத்திக்கார அம்மாள். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று வாசற்படியில் நின்று இரண்டு முறை சொல்லிக் கொடுத்தார்.

அந்தக் கப்பல்... அதை எப்படிச் சொல்வேன்! மாடிமேல் மாடி, எங்கே திரும்பினாலும் விளக்கு, விடிந்தது முதல் சாப்பாடு. அந்த வயதில் முதன்முறையாகச் சுடிதார் போட்டேன். காற்று துப்பட்டாவைப் பிடித்து இழுக்க, நான் பிடிக்காமல் விட்டேன். நகக்கண்ணில் கிரீஸ் போகாத என் கணவர், பாட்டுக் கச்சேரி நடந்த ஹாலில், ஊர் பேர் தெரியாத கூட்டத்தின் நடுவே ஆடினார்! எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் இவ்வளவு சிரிப்பேன் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

மாலதியோ பாதிப் பொழுது அறையில் சுருண்டு கிடந்தாள். சாப்பாட்டு வாசனை பட்டாலே குமட்டியது. கப்பல் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் நினைத்தோம். ஐயோ பாவம் என்று வாயால் சொன்னேன். உள்ளே ஒருத்தி கைதட்டிக்கொண்டிருந்தாள்... அவளும் நான்தான்.

தீவு கண்ணுக்குத் தெரிந்த காலையில் மாலதி மயில்நீலப் புடவையில் மேல்தளத்துக்கு வந்தாள். தன் கேமராவை என் கணவரிடம் கொடுத்தாள். அவளும் கொழுந்தனாரும் கம்பியோரம் நின்றார்கள். வழக்கம்போல நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, இந்த ஒண்ணுல மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா?" என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கோ கப்பல் முழுவதும் கேட்டுவிட்டது போல் இருந்தது. தள்ளி நின்றேன். முகத்தில் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு தள்ளி நின்றேன்!

மறுநாள் மதியச் சாப்பாட்டு மேசையில் அவளுக்குக் குளிரெடுத்தது. "அக்கா, என் பையில சால்வை இருக்குதுங்க, எடுத்துட்டு வரீங்களா?" என்று அறைச் சாவியைக் கொடுத்தாள். சால்வைக்கு அடியில் இருந்தன, முடிந்துபோன ரோல்கள், கறுப்பு பிளாஸ்டிக் டப்பாக்களில். நான் யோசித்தேனா? யோசித்தேன். படி ஏறித் தளத்துக்குப் போகும்வரை யோசித்தேன். பிறகுதான் போட்டேன்.

அந்த டப்பாக்கள் மூழ்கவில்லை! மிதந்தன. கப்பலை விட்டு விலகும் நுரையில் குதித்துக் குதித்து அவை போனதைப் பார்த்து எனக்கு உயிரே நின்றுவிட்டது. "முழுகித் தொலை, முழுகித் தொலை" என்று முணுமுணுத்தேன். அப்புறம் சால்வையை எடுத்துப் போய் அவள் தோளில் நானே போர்த்தினேன்.

தொலைந்தது தெரிந்ததும் மாலதி அழுதாள். "நாந்தான் எங்கயோ வெச்சுட்டேன்" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நானும் தேடினேன், கேளுங்கள்... மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் தேடினேன்! அவளுடைய கேமராவில் மிச்சமிருந்த ரோலில் மும்பைத் துறைமுகத்துக் கிரேன்கள் மட்டுமே விழுந்தன.

ஆக, கப்பலுக்குச் சாட்சி காகுவின் கேமராவில் எடுத்த என் ஆல்பம் ஒன்றுதான். மாதாமாதம் ஒருத்தி வீட்டில் பெண்கள் கூடிச் சீட்டுப் போடும் பிஷி அந்த முறை என் வீட்டில் நடந்தது. நான் நடுவில் உட்கார்ந்து பக்கம் திருப்பினேன். "அக பாயி! கித்தி சான்!", அடியம்மா, எவ்வளவு அழகு என்று மராத்தியில் சொல்லிக் காகு கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். எல்லாப் படத்திலும் என் கண் திறந்திருந்தது. சமையலறையிலிருந்து காப்பித் தட்டை எடுத்து வந்தவள் யார் தெரியுமா? மாலதி! ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த ருசி இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. இல்லை என்று உங்களிடம் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் மாலதி தனியாக வந்தாள். முகம் வெளுத்திருந்தது. தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"அக்கா, உங்க ஆல்பத்துல எங்கயாச்சும் நான் இருக்கேனுங்களா?"

"ஏங் கண்ணு, இப்ப என்னாச்சு?" என்றேன்.

"கப்பல்ல போறப்பவே எனக்கு நாள் தள்ளிப் போயிருந்துச்சுங்க்கா. மூணு மாசம் முடியட்டும்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அந்தத் தீவு போட்டோவுல நாங்க மூணு பேரு இருந்தமுங்க. அதுக்குத்தான் உங்களத் தள்ளி நிக்கச் சொன்னேன், மனசுல வெச்சுக்காதீங்க..." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "போன வாரம் கலஞ்சு போச்சுங்க்கா."

சொல்லியிருக்கலாம். அந்த நிமிடமே அவள் காலில் விழுந்திருக்கலாம். வாயைத் திறந்தேன்... ஆல்பத்தைத்தான் திறந்தேன். ஏன்? பயமா? வெட்கமா? குடும்பம் உடைந்துவிடும் என்ற கவலையா? எதைச் சொன்னாலும் அது என்னை நல்லவளாக்கப் பார்க்கும் சொல்லாகவே இருக்கிறது.

பக்கம் பக்கமாகப் பார்த்தோம். அவள் எங்கும் இல்லை. எப்படி இருப்பாள்? அவள் விழாதபடி பார்த்துப் பார்த்து எடுக்கும்படி என் கணவரிடம் சொன்னவளே நான்தானே! கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் ஒரு படம். நான் கையை விரித்துச் சிரிக்கிறேன். வலது ஓரத்தில் மயில்நீலமாக ஒரு துண்டு தெரிந்தது, தோளிலிருந்து இடுப்புவரை. முகம் இல்லை.

மாலதி அதன்மேல் விரலை வைத்தாள். "இது நாந்தாங்க்கா! இது என் புடவை!" அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க என்னால் முடியவில்லை. "இத எனக்குக் குடுத்துருங்க்கா." கொடுத்தேன்.

அதற்குப் பிறகும் அவளுக்குக் குழந்தை நிற்கவில்லை.

வாகட் வீட்டு ஹாலில், சோபாவுக்கு நேர் எதிரே, அந்தப் படம்தான் தொங்குகிறது. பெரிதாக்கி, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள். படம் நிறைய நான்! வாய் கொள்ளாத சிரிப்பு. ஓரத்தில் விரற்கடை அகலத்துக்கு நீலம். வருகிறவர்கள் யார் கண்ணிலும் அது படுவதில்லை. நடுவில் இருப்பது யார் என்றுதான் கேட்கிறார்கள்.

"எங்க அக்காங்க" என்கிறாள் மாலதி, என் பக்கம் கையைக் காட்டி. "ரோலெல்லாம் தொலஞ்சப்ப கட்டிலுக்கடியில பூந்து தேடுனாங்க. எனக்குன்னு இருந்த ஒரே போட்டோவையும் இவங்கதான் குடுத்தாங்க."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் சோபாவில் உட்கார்ந்து, அவள் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.