பெரக்கரை நாட்டில் ஒரு ‘சப்போஸ்’

எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். இதை அடக்கமாகச் சொல்லும் வழி எனக்குத் தெரியாது. வெள்ளைக்காரர் ஆட்சியில், கொல்லிமலையில் எது சர்க்கார் காடு, எது குடியானவர் நிலம் என்று பிரித்து எல்லை போட ஒரு துரை வந்தார். அவருக்குத் தமிழ் வராது. மலைக்காரர்களுக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் மொழிபெயர்ப்பாளனாக நான் இருந்தேன்.

அப்போது அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே போக ரோடு கிடையாது. கூடாரம், மேஜை, காகிதப் பெட்டி எல்லாம் ஆள் தலையில் ஏறின. என் நோட்டை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் நானே தூக்கிக்கொண்டு ஏறினேன். அதில் ஒரு பக்கம் முழுக்க, நினைப்பதைக் குறிக்கும் இங்கிலீஷ் சொற்களை ஏணி மாதிரி அடுக்கி எழுதியிருந்தேன். அடிப்படியில் ‘கெஸ்’. அது குருட்டாம்போக்கில் அடித்துவிடுவது. அதற்கு மேல் ‘சப்போஸ்’, இருந்தாலும் இருக்கும், பந்தயம் கட்டமாட்டேன் என்பது. அடுத்து ‘திங்க்’, கொஞ்சமாவது யோசித்த பிறகு சொல்வது. அதற்கும் மேல் ‘பிலீவ்’, கண்ணால் காணாவிட்டாலும் மனம் ஒப்பியது. உச்சிப்படியில் ‘தெரியும்’ என்பதற்கான சொல். நாம் பேச்சில் ‘நினைக்கிறேன்’ என்ற ஒன்றை வைத்தே ஒப்பேற்றுகிற இடத்தில் இத்தனை படிகள். எந்தப் படியில் எப்போது கால் வைப்பது என்று அந்த ஜில்லாவிலேயே எனக்குத்தான் தெரியும் என்று நம்பினேன்.

மலை மேல் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்; அப்படிப் பெரக்கரை நாட்டில் முகாம் போட்ட மூன்றாம் நாள் ஒரு அம்மாளின் வழக்கு வந்தது. கணவனை இழந்தவர், நாற்பது வயதிருக்கும். சாமையும் கேழ்வரகும் விதைக்கிற சரிவு நிலம், அதன் மேல்பாதியில் நாலு பலா மரம். அந்த மேல்பாதி காட்டைச் சேர்ந்தது என்று காட்டுக் காவலர் எழுதி வைத்திருந்தார். காவலர் மலைக்குக் கீழே புளியஞ்சோலைப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. காக்கிச் சட்டையும் செருப்புமாகக் கூடாரத்துக்குள் விறைப்பாக நின்று, “எல்லை கீழ ஓடையோட முடியுதுங்க. எனக்கு நல்லாத் தெரியும்” என்றார். நானும் உச்சிப்படிச் சொல்லையே போட்டேன்.

அந்த அம்மாளுக்குச் சாட்சி பக்கத்து நிலத்துக்காரர். செத்துப்போன கணவரும் இவரும் சேர்ந்துதான் எல்லைக் கல்லை நட்டவர்கள். துரை கேட்டார், நான் தமிழில் கேட்டேன். அவர் தரையைப் பார்த்தபடி, “பலா மரத்துக்கு மேல இருக்கற கல்லு வரைக்கும் அவிய நெலமுன்னு நெனைக்கிறேனுங்க” என்றார். மூன்று தடவை கேட்டும் அதே ‘நெனைக்கிறேனுங்க’. ஆள் தடுமாறுகிறார் என்று நான் முடிவு கட்டினேன். குனிந்த தலை, இறங்கிய குரல். நோட்டைப் புரட்டவே தேவையில்லாமல் ‘சப்போஸ்’ என்றேன். துரை தலையை ஆட்டினார். ஒருவர் தெரியும் என்கிறார், இன்னொருவர் சப்போஸ் என்கிறார். மேல்பாதி காட்டுக்கே என்று உத்தரவு எழுதச் சொல்லி, காலையில் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். பொருத்தமான சொல்லைப் போட்ட திருப்தியில் நான் வெளியே வந்தேன்.

அந்த அம்மாள் வாசலில் நின்றிருந்தார். “ஏனுங்க, போயிருச்சுங்களா? சாமை தீந்த மாசத்துல அந்தப் பலாதானுங்க எங்க ஊட்டுக்குச் சோறு” என்றார்.

எனக்குச் சாட்சி மேல்தான் கோபம் வந்தது. “கல் நட்டவரே தெரியாது என்றால் துரை என்ன செய்வார்?” என்று அவரிடம் எரிந்து விழுந்தேன்.

“தெரியாதுன்னு நான் எப்பங்க சொன்னேன்?” என்றார் அவர். “எல்லைன்னா அந்தக் கல்லு மேல வெறுங்காலை வெச்சுத்தானுங்க தெரியுமின்னு சொல்லோணும். வேற எடத்துல நின்னு சொன்னா அது பொய்ச் சத்தியமுங்க. பொய்ச் சத்தியம் பண்ணுனவிய நெலத்துல வெள்ளாமை வெளங்காது.”

“இதை அங்கேயே சொல்லக் கூடாதா?”

“இது தெரியாத மனுசரும் இருப்பாங்கன்னு நாங்க நெனைக்கலீங்க.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சந்தேகத்தால் தலை குனியவில்லை. நட்டவருக்குக் கல்லைத் தெரியாமலா போகும் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்காமல் முகத்தைப் பார்த்து நானே ஒரு சொல்லைச் சூட்டிவிட்டேன். ஒரு குடும்பத்தின் சோறு அந்தச் சொல்லோடு போகிறது.

மறுநாள் காலை துரை பேனாவைத் திறக்கும்போது போய் நின்றேன். “நேற்று நான் போட்ட சொல் தப்பு சார்” என்றேன். அப்படி நான் சொன்னது அதுவே முதல் தடவை. வழக்கத்தை விளக்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அப்படியானால் எல்லை அந்தக் கல்தான் என்று நீ நினைக்கிறாயா, உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

தெரியும் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. முந்தின நாளாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

“இங்கே நின்று சொல்ல முடியாது சார். கல் இருக்கிற இடத்தில் கேட்க வேண்டும்.”

“அங்கேயும் அவன் சப்போஸ் என்றால், நீ அப்படியே காரவள்ளிக்கு இறங்கிவிடலாம்” என்று சொல்லிவிட்டுத் துரை தொப்பியை எடுத்தார்.

சரிவில் ஏறிப் போனோம். பலா மரங்களுக்கு மேலே, பாசி பிடித்த கல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. பக்கத்து நிலத்துக்காரர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். வலது காலைக் கல் மேல் வைத்தார். நேற்றுப் பார்த்த ஆளே இல்லை. துரையின் கண்ணை நேரே பார்த்து, “இதுதானுங்க எல்லை. எனக்குத் தெரியுமுங்க” என்றார்.

நான் உச்சிப்படிச் சொல்லை உரக்கச் சொன்னேன்.

துரை கெட்டிக்காரர். காவலர் பக்கம் திரும்பி, “நீயும் அதே மாதிரி நின்று சொல்” என்றார். காவலர் செருப்பைக் கழற்ற வெகு நேரம் எடுத்துக்கொண்டார். காலைக் கல் மேல் வைத்தார். சுற்றி நின்ற மலைக்காரர்கள் அந்தக் காலையே பார்த்தார்கள். அவர் ஓடையைப் பார்த்தார், பலா மரங்களைப் பார்த்தார்.

“எல்லை ஓடையோட முடியுதுன்னு… நெனைக்கிறேனுங்க” என்றார்.

துரை என்னைப் பார்த்தார். “சப்போஸ்” என்றேன். இந்தத் தடவை அந்தச் சொல்லில் யாரும் குறை கண்டுபிடிக்க முடியாது. அவர் உத்தரவை நான்காகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த அம்மாள் என்னிடம் வந்து, காவலர் சொன்னதைத் துரைக்கு என்னவென்று சொன்னீர்கள் என்று கேட்டார்.

“எல்லை ஓடை என்று அவர் சும்மா நினைக்கிறார், அவ்வளவுதான் என்றேன்.”

அந்த அம்மாள் வெறுங்காலைத் தூக்கிக் கல் மேல் வைத்தார்.

“அது எனக்கு முன்னயே தெரியுமுங்க” என்றார்.