பிடரி சாரின் வலது தோள்

இத்தனை நாள் பேசாமல் இருந்தது போதும். பிடரி சார் மறைந்ததைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். அவரைத் துறையிலிருந்து கிளப்பி அனுப்பியவர்கள்கூட உருக்கமாக எழுதினார்கள். உடற்கூற்றியல் துறையில் அவரோடு ஒரே அறையில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்த நான் மட்டும் எழுதவில்லை.

செய்தி வந்தபோது பெருங்களத்தூர் நெரிசலில் பேருந்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். துறையின் வாட்ஸ்அப் குழுவில் துறைத்தலைவர்தான் முதலில் போட்டிருந்தார். கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். கூடவே ஒரு படம். பழைய குழுப் படம் ஒன்றிலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். அவர் தோளில் ஒரு கை கிடந்தது. அது என் கை. என்னை வெட்டியவர்கள் கையை விட்டுவிட்டார்கள்.

அவரிடம் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கழுத்தின் பின்புறத்தில் நடுக்கோட்டில், மண்டையோட்டிலிருந்து கழுத்தெலும்பின் அடிவரை இறங்கும் நாரில்தான் அவருடைய முதல் வகுப்பு எப்போதும் தொடங்கும். ஒரு கையால் தன் பிடரியைப் பிடித்துக்கொண்டே பேசுவார். "மாட்டுக்கு இந்த நார்தான் தலையைத் தாங்குது. அது குனிஞ்சு மேயும், இது கயிறு மாதிரி இழுத்துப் பிடிச்சுக்கும். நமக்கு இது மெல்லிசா ஒரு சுவர், அவ்வளவுதான். நம்ம தலையை நாமதான் பாத்துக்கணும்." பையன்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் சேர்ந்து போவோம். இடம் கிடைத்தாலும் உட்காரமாட்டார். நிற்பவர்களின் பின்கழுத்துகளைப் பார்த்துக்கொண்டே வருவார். "அந்தச் சட்டைக்காரர் ராத்திரி தூங்கல. இந்தம்மாவுக்கு இடது தோள்லதான் எல்லா பாரமும்" என்று என் காதருகே முணுமுணுப்பார். ஒருமுறை அவர் பார்த்துக்கொண்டிருந்த ஆள், யாரோ விரல் வைத்ததுபோல் பிடரியைத் தடவிக்கொண்டே திரும்பினார். நாங்கள் இரண்டு ஆள் தள்ளி நின்றிருந்தோம். "இன்னா சார், தொட்டீங்களா?" என்று கேட்டார். சார், "இல்லப்பா, பாத்தேன்" என்றார். அந்த ஆள் அடுத்த நிலையத்தில் இறங்கிக்கொண்டார். அது அவர் இறங்க வேண்டிய நிலையம்தானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

தசைகளை உயிருள்ள உடலில் அடையாளம் காணும் வகுப்புக்குத் தன் முதுகையே கொடுத்தார். சட்டையைக் கழற்றிவிட்டு, கரும்பலகையைப் பார்த்து நின்றுகொள்வார். மாணவர்கள் மார்க்கர் பேனாவால் எல்லைகளை வரைவார்கள். "அழுத்தி வரைப்பா, கூசுது" என்பார். இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே கொழுப்புக் கட்டி எடுத்த தழும்பு ஒன்று, பிறை மாதிரி. கோடுகள் அதைச் சுற்றிக்கொண்டு போகும். கடைசியில் வலது தோளை மட்டும் மேலே தூக்குவார், "எனக்குத் தெரியாது" என்று சொல்பவரைப்போல. அப்போது மேல்தசைக்கு அடியில், மண்டையின் பின்புறத்திலிருந்து தோள்பட்டை எலும்பின் உள் ஓரம்வரை, கயிறுபோல் ஒன்று எழும்பும். இடப்பக்கம் அது கிடையாது.

அது தனித் தசை என்பது அவர் கட்சி. ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்குமோ என்னவோ, பெரிய புத்தகங்களில் அடிக்குறிப்பாக ஒரு வரி இருக்கும். நான் விரல் வைத்துப் பார்த்திருக்கிறேன். தனித்தான் இருந்தது. துறைக் கூட்டத்தில் அவர் இதைச் சொன்னபோது, பட்டமேற்படிப்பு மாணவர்கள் அத்தனை பேர் முன்னாலும் துறைத்தலைவர் சொன்னார்: "சார், அது லெவேட்டரோட ஓரம். தோள்பட்டையைத் தூக்கற தசை எல்லாருக்கும் இருக்கு. உங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா ஒண்ணு வேணுமா?"

"என் முதுகு சார். எனக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? திரும்பிப் பாத்தீங்களா?"

அறையே சிரித்தது. நான் எழுந்து, தொட்டுப் பார்த்திருக்கிறேன், சார் சொல்வது சரி என்றேன். அந்த ஆண்டுப் பதவி உயர்வில் என் பெயர் வரவில்லை. அதற்கடுத்த ஆண்டும் வரவில்லை. பிடரி சார் வேலையை விட்டுவிட்டார். கிளம்பும் அன்று துறைத்தலைவரின் அறை வாசலில் நின்று, "நான் செத்தப்புறம் திறந்து பாத்துக்குங்க சார். எங்கேயும் ஓடிப்போகாது" என்று மட்டும் சொன்னார்.

இறந்ததும் உடலை வேறொரு கல்லூரிக்குக் கொடுத்தார்கள். பழைய இடம் வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாராம். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. தெரிந்தவர் உடல் தெரிந்தவர் மேசைக்கு வராது. வந்தால் மாற்றிக்கொள்வோம்.

இந்த ஆண்டு எங்களுக்கு உடல்கள் போதவில்லை. வேறு கல்லூரிகளிலிருந்து சில வந்தன. எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. முதல் பாடம் முதுகு என்பதால் குப்புறக் கிடத்தி, முகத்தை ஈரத்துணியால் சுற்றிவிடுவார்கள். எனக்கு ஒதுக்கிய மேசையில் பிறைத் தழும்பைப் பார்த்தேன். பார்த்தும் மனதில் வாங்கவில்லை. தழும்பு யாருக்குத்தான் இல்லை? தோலை உரித்து, மேல்தசையை நடுக்கோட்டில் அறுத்து மடக்கினோம்.

"சார், இது எந்த மசில் சார்? அட்லஸ்ல இல்லையே" என்றாள் ஒரு மாணவி.

வலப்பக்கம் மட்டும் இருந்தது. விரல் அகலம். தனி உறை, தனி நரம்பு. மண்டையின் பின்னால் தொடங்கித் தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் முடிந்தது. பக்கத்தில் லெவேட்டர் தன் வழியில் தனியாக இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே என் விரல் தாராளமாக நுழைந்தது. இடுக்கியால் அதைப் பிடித்து மெல்ல இழுத்தேன். பதப்படுத்திய உடல் அவ்வளவு எளிதில் அசையாது. ஆனால் வலது தோள் எழுந்தது.

"இன்னா சார், தெரியாதுங்கிற மாதிரி தூக்குறாரு?" என்றான் பல்லாவரத்துப் பையன் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை. இடுக்கியை விட்டேன். தோள் உடனே இறங்கவில்லை. மெதுவாக, அவருக்கே உரிய நிதானத்தில் இறங்கியது. முகத் துணியை அவிழ்க்கத் தேவை இருக்கவில்லை.

துறைத்தலைவரிடம் போய், "நம்ம பிடரி சார் நம்ம ஹால்ல இருக்கார்" என்றேன்.

"பேர் எழுதியிருக்கா?"

"அந்தத் தசை இருக்கு சார். தனியா இருக்கு. வந்து பாருங்க."

"உங்களுக்கு அவரை விட்டா வேற வேலையே இல்லையா? வேற யாருக்கும் அது இருக்கக் கூடாதா? பேசாம போய் கிளாஸ் எடுங்க சார். வெளியில வாயைத் திறந்தீங்கன்னா அப்புறம் நான் பொறுப்பில்ல."

மறுநாள் காலை போனபோது அந்தத் தசை இல்லை. மேலும் கீழும் சீராக அறுத்து எடுத்திருந்தார்கள். விசாரித்தேன். "யாராச்சும் ஃபேசியா, வெறும் சவ்வுன்னு நெனச்சு க்ளீன் பண்ணியிருப்பாங்க சார்" என்றார்கள். நடக்கக்கூடிய தவறுதான். புத்தகத்தில் உள்ளது தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, புத்தகத்தில் இல்லாததையெல்லாம் சுரண்டி வாளியில் போடுவது எங்கள் அன்றாட வேலை. தவறா, வேறு ஏதாவதா என்று என்னால் நிரூபிக்க முடியாது. நான் என்ன நினைக்கிறேன் என்பது இதைப் படிப்பவர்களுக்குப் புரிந்திருக்கும். மேசையையாவது மாற்றச் சொன்னேன். அதுவும் நடக்கவில்லை.

அந்த வாரம் ஊரப்பாக்கம் போய் அவர் மனைவியைப் பார்த்தேன். காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"கடைசியில எல்லாம் சுவத்தைப் பாத்துதான் உக்காந்துப்பார் தம்பி. 'விரலை வச்சுப் பாரு, இருக்கா?'ம்பார். இருக்குங்கன்னு சொல்லணும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை! 'உங்க பேஜார் தாங்கலை, அது எங்க போயிடும்'னு திட்டுவேன்." டம்ளரை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "குளிப்பாட்டறதுக்குத் திருப்பினாங்கல்ல, அப்பவும் வச்சுப் பாத்தேன். இருந்துச்சு."

நான் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க வச்சிருக்காங்கன்னு கேக்க மாட்டேன். கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் போனார். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க தம்பி. நான் படிச்சவ இல்ல. அது அவர் சொன்ன மாதிரி தனிதானா? அத்தனை பேர் சிரிச்சாங்களாமே."

தொட்டுப் பார்த்ததாகச் சொன்னது அன்றைக்கே எடுபடவில்லை. இப்போது உறுதியாகச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் சார் எந்த மேசையில் கிடக்கிறார் என்பதும் தெரிந்துபோகும். ஒன்றும் சொல்லாமல் எழுந்தேன். படி இறங்கும்போது அந்த அம்மா வாசலில் நிற்பது பிடரியில் தெரிந்தது. தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. ஆனாலும் ரயில் நிலையம்வரை அது தெரிந்துகொண்டே இருந்தது.

அக்கா, அன்று நீங்கள் கேட்டதற்குப் பதில்: தனிதான். அவர் சொன்னது சரி. மண்டையில் தொடங்கித் தோளில் முடிகிறது. அதற்கென்று ஒரு நரம்பு இருக்கிறது. வேறு எதோடும் ஒட்டவில்லை. உங்கள் விரல் அறிந்ததும் அதைத்தான். எங்கே பார்த்தேன் என்பது உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். அதற்காக என்னை மன்னிக்க வேண்டாம். ஆனால் சிரித்தவர்கள் சொன்னதோடு நீங்கள் மிச்சக் காலத்தைக் கழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது பொருள் எதுவும் இல்லை. இரண்டு தசைகளுக்கு நடுவே என் விரல் நுழைந்த அந்த இடைவெளி மட்டும்தான். அதை யாரும் சுரண்டி எடுக்க முடியாது.

இதைப் பழைய மாணவர்கள் குழுவில் போடப்போகிறேன். யாராவது அக்காவுக்குப் படித்துக் காட்டுவார்கள். என் பெயரைப் போட்டால், பதவி கிடைக்காதவன் பழைய கணக்கைத் தீர்க்கிறான் என்றுதான் படிப்பார்கள். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. பெயர் இல்லாவிட்டாலும் தெரிந்தவர்களுக்குத் தெரியும்; மற்றவர்கள் ஒரு மனிதரின் முதுகில் என்ன இருந்தது என்பதை மட்டும் படிப்பார்கள். அதனால் பெயர் இல்லாமலே போடுகிறேன்.